முந்நூறு ரெப்போவும் ஐந்து கூறும்

எங்கள் அலுவலகம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு தையல் மெஷின் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்த பெரிய மைதானங்களை. ஒரு டிரெய்லர் அதற்குள் நுழைந்தால் கேட்டில் சீட்டு அடிக்க வேண்டும், எடைமேடையில் ஏற்றி எடை பார்க்க வேண்டும், பெட்டியை எந்த வரிசையில் இறக்குவது என்று கிரேன்காரருக்குச் சொல்ல வேண்டும், கடைசியில் பில் போட வேண்டும். அத்தனைக்கும் பின்னால் நாங்கள் எழுதிய ஏதோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்.

நிரல்களை வைத்திருக்கும் இடத்தை ரெப்போ என்போம். ஒரு மென்பொருளின் எல்லா வரிகளும் அதில் இருக்கும். அதோடு, எந்த வரியை யார் என்றைக்கு மாற்றினார், ஏன் மாற்றினார் என்று அவரே எழுதிய குறிப்பும் சேர்ந்து இருக்கும். கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து எங்களிடம் சேர்ந்த ரெப்போக்கள் முந்நூறைத் தாண்டியிருந்தன. எல்லாம் ஸ்டோர் ரூமில் இருந்த எங்கள் சொந்த சர்வரில். கடல்காற்றில் அதன் பெட்டி துருப்பிடித்துவிட்டது. பழுது பார்க்க வருகிறவர் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்ப்பார்.

இவற்றையெல்லாம் இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிற ஒரு சேவைக்கு மாற்றிவிடலாம் என்று பெங்களூரு தலைமை அலுவலகம் முடிவு செய்தது. அவர்களே ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகல் எடுத்து, பழைய சர்வரை நிறுத்தினார்கள். திங்கட்கிழமை காலை ஒரு யார்டில் எடைமேடை வேலை செய்யவில்லை. அங்கிருந்த கம்ப்யூட்டர் தினமும் காலையில் பழைய முகவரிக்குப் போய்த் தன் அமைப்புகளை எடுத்துவரும் வழக்கமுள்ளது. அந்த விஷயம் யாருக்கும் தெரியாது. போன இடத்தில் ஆள் இல்லை என்றதும் அது அப்படியே நின்றுவிட்டது. லாரிகள் எர்ணாவூர் வரைக்கும் நின்றன. மதியத்துக்குள் பழைய சர்வரை மறுபடி ஓடவிட்டு, பழையபடியே எல்லாவற்றையும் திருப்பினோம்.

அதற்கு அடுத்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். கெட்ட செய்தி சொல்லும்போதெல்லாம் முதலில் டீ வாங்கித் தருவார். அன்றைக்கு டீயோடு சமோசாவும் இருந்தது.

"மாத்துற வேலைய நம்மளே பண்ணணும்னு சொல்லிட்டாங்க மா. நீ பாத்துக்கிறியா?"

"தனியாவா சார்?"

"டெஸ்டிங்குக்கு நம்ம ராயபுரத்துக்காரரு இருப்பாரு. வேற ஆள் வேணும்னா சொல்லு, கேட்டுப் பாக்கறேன். எப்ப முடியும்னு மட்டும் தோராயமா ஒண்ணு சொல்லிடு."

டெஸ்டிங் பார்க்கிறவர் ராயபுரத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காலையில் மாதா கோயிலில் பூசை முடித்துவிட்டுத்தான் ஆபீஸ் வருவார். 'சரியாக இருக்கிறது' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்குவது லேசு இல்லை. ஓடுகிறது என்று காட்டினால், "நேத்தும்தான் ஓடுச்சி. நாளைக்கு ஓடுமா?" என்பார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். மேனேஜர் சொன்னதை அவரிடம் சொன்னதும், "மொத்தமா ஒரே நாள்ல மட்டும் வாணாம் மா. போன தபா பட்டதே போதும்" என்றார்.

மொத்தமாக வேண்டாம், சரி. எப்படிப் பிரிப்பது? முதலில் அகரவரிசையில் பிரித்தேன். வாரத்துக்கு ஒரு எழுத்து. அப்படிப் பார்த்தால் எடைமேடைக்கான நிரலில் ஒரு பாதி முதல் மாதமும் மறுபாதி ஆறாவது மாதமும் போகும். நடுவில் ஐந்து மாதம் அது ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை அழித்துவிட்டு, எந்த கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது என்று பார்த்துப் பிரித்தேன். அதுவும் அதே கதைதான். பிறகு, கடைசியாக எப்போது தொட்டார்கள் என்று பார்த்தேன். பல வருடமாக யாருமே தொடாத ரெப்போக்கள் நிறைய இருந்தன. அவற்றைச் செத்தவை என்று ஒதுக்கிவிட்டால் பாதி பாரம் குறையும் என்று ஒரு நம்பிக்கை வந்தது.

அப்படி ஒதுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், கடைசியாகத் தொட்டவர் என்ற இடத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அது என் தோழியின் பெயர்.

நானும் அவளும் ஒரே வாரத்தில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். அவள் வியாசர்பாடி குடியிருப்பில் வளர்ந்தவள், நான் திருவொற்றியூர் மீனவர் குப்பத்துப் பெண். வேறு கம்பெனி நேர்முகத் தேர்வுகளில் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. இந்த ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தோம். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள். கொடுங்கையூரில் புதிதாக வந்த ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை பேசினோம், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை, பிறகு அதுவும் நின்றுபோனது. சண்டை ஒன்றும் இல்லை.

அன்று மதியம் அவளைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அவள் சொன்னது:

"இன்னாடி, உயிரோடதான் கீறியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"என் பேரு இன்னுமா அங்க கீது?"

"உன் பேருதான் எங்க பாத்தாலும் கீது."

"சனிக்கெயம வா. மீனு வாங்கி வெக்கிறேன்."

மேனேஜரிடம் சொல்லி, ரெப்போக்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துப்போக அனுமதி வாங்கினேன். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் எங்கோ புகைந்துகொண்டிருந்தது. அவள் வீட்டில் சன்னல்களை அடைத்து, கதவின் கீழே ஈரத்துணியைச் சுருட்டி வைத்திருந்தாள். பெரியவள் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சின்னவள் தூக்கத்திலிருந்தாள். தோழி வஞ்சிரம் மீன் வறுத்திருந்தாள். குப்பத்துக்காரிக்கு மீன் சமைத்துப் போடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டு பரிமாறினாள்.

சாப்பிட்டதும் தரையில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தோம். நான் செத்தவை என்று ஒதுக்கியதை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அந்த ரெப்போவின் பெயர் 'சோதனை பழையது இரண்டு' என்ற அர்த்தத்தில் இருந்தது.

"இத்த தூக்கிட்டீன்னா எண்ணூரு கேட்டுல சீட்டு வராது."

"இது சோதனைதானடி?"

"ஒரு நாளைக்கின்னு வெச்சேன். அப்பால அதான் நல்லா ஓடுதுன்னு அப்பிடியே உட்டுட்டாங்க. ஓடுறத எவன் போய் தொடுவான்? அதான் யாரும் தொட்ட தேதியே இல்ல."

அதை நான் அழிக்கவிருந்த பட்டியலில் வைத்திருந்தேன். அப்படியென்றால் இந்தப் பிரிப்பும் உதவாது. மொழியும் தேதியும் எழுத்தும் பார்த்து ஒன்றும் ஆகவில்லை, இனி எதை வைத்துப் பிரிப்பது என்று புலம்பினேன்.

அவள் சின்னவளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே யோசித்தாள். பிறகு, "நமக்கு எப்பிடி தெரியும், ஒண்ணு நின்னுபோச்சின்னு?" என்று கேட்டாள்.

"போன் வரும்."

"ஆங். மொத போன் யாரு பண்ணுவா? அத்த வெச்சி கூறு கட்டு. சேந்து நிக்கிறதெல்லாம் ஒரே ஆளுக்குத்தான் வலிக்கும். அதெல்லாம் ஒரே கூறுல போடு."

கூறு என்பது எங்கள் பக்கத்து மீன் சந்தைச் சொல். கலந்து வந்த மீனை விற்கிறவர்கள் தரையில் சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்து வைப்பார்களே, அது. அவள் வாயில் அது இயல்பாக வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆபீசிலும் அதுதான் பெயர். பெங்களூருக்குப் போன திட்ட அறிக்கையில்கூட மேனேஜர் அதை ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டுவிட்டார், அங்கே யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

மாலை வரைக்கும் ஒவ்வொரு பெயராக எடுத்து, இது நின்றால் யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனோம். ஐந்து கூறு வந்தது. யாருமே கூப்பிடமாட்டார்கள் என்பது முதலாவது. எங்கள் ஆபீஸ்காரர்களே திட்டுவார்கள் என்பது இரண்டாவது. பில் போடுகிற கணக்காளர்கள் கூப்பிடுவது மூன்றாவது. கேட் மேற்பார்வையாளரும் கிரேன்காரரும் கூப்பிடுவது நான்காவது. எடைமேடை ஐந்தாவது. அது நின்றால் கூப்பிடுவதற்கு ஒரு ஆள் என்று கிடையாது, சாலை முழுக்கக் கூப்பிடும். வலி குறைந்ததிலிருந்து கூடியதுவரை அதே வரிசையில் மாற்றுவது என்று முடிவு செய்தோம். முதலில் கை பழகட்டும்.

வாசலில் செருப்புப் போடும்போது அவள் சொன்னாள், "ரொம்ப நாளாச்சிடி, இந்த மாரி உக்காந்து மண்டய ஒடச்சிக்கினு."

திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆள் வேண்டுமென்றால் சொல் என்றீர்களே சார், இவள்தான் அந்த ஆள் என்றேன். அவர் டீ கொண்டுவரச் சொன்னார். நான் பயந்துவிட்டேன். கடைசியில், "வீட்லேர்ந்து பண்றதுக்கு ஒத்துக்குவாங்களா கேளு. நான் மேல பேசிக்கறேன்" என்றுதான் சொன்னார். இரண்டு வாரத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் அவள் சேர்ந்தாள். பெரியவள் பள்ளிக்குப் போன பிறகு, சின்னவளை மாமியார் பார்த்துக்கொள்கிற நேரம் மட்டும் வேலை.

ஒவ்வொரு கூறையும் ஒரு தனி வேலையாக ஆக்கினோம். ஒவ்வொன்றுக்கும் பொதுவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம். என்னென்ன மாறுகிறது, யாரைக் கேட்க வேண்டும், மாறிய பிறகு எதைச் சோதிக்க வேண்டும். இவ்வளவுதான் நான் எழுதியிருந்தேன். ராயபுரத்து அண்ணன் அதைப் படித்துவிட்டு, "சரியா வரலன்னா பழைய எடத்துக்கு திரும்பி வர்றதுக்கு வழி எங்க மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அத்த எய்தாம நான் ஒண்ணுத்துக்கும் சரி சொல்ல மாட்டேன்" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம்தான். சின்ன ரெப்போவுக்கெல்லாமா திரும்பி வரும் வழியை எழுதுவார்கள்? ஆனாலும் அவரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் கிடையாது. எழுதினேன். எல்லா பக்கத்திலும்.

முதல் கூறிலேயே ஒரு சிக்கல் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு மெயில். பழைய வரலாற்றையெல்லாம் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இன்றைக்கு இருக்கிற நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று. கூடவே ஒரு கேள்வி: சில ரெப்போக்களில் மாற்றக் குறிப்புகள் ஏதோ சங்கேத மொழியில் இருக்கின்றனவே, அது என்ன?

சங்கேத மொழி இல்லை. என் தோழி எழுதியது. ஆங்கில எழுத்தில் அச்சு அசல் வடசென்னைத் தமிழ். 'இத்த தொட்டா பேஜாரு' என்று ஒன்று. 'மழ வந்தா தராசு இருவது கிலோ கூட காட்டுது, அதுக்கு இந்த கணக்கு' என்று ஒன்று. 'ஏன்னு தெரியல, ஆனா ஓடிக்கினு கீது' என்று ஒன்று. அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று நான்கு பேர் மட்டும்தான் படிப்போம் என்ற தைரியத்தில் எழுதியவை.

மெயிலை அவளிடம் படித்துக் காட்டினேன். போனில் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உட்ரு. அவங்க சொல்றாமாரியே பண்ணிடு. சொம்மா அத்த சொமந்துகினு எதுக்கு?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு ஒரு கேக் வெட்டுவோம், ஒரு கைக்கடிகாரம் கொடுப்போம். அவள் அந்த இடத்தில் இருந்தாள் என்பதற்கு அதற்குமேல் இருந்த ஒரே அடையாளம் இந்த வரலாறுதான். ஆனால் அதையெல்லாம் பெங்களூருக்கு எழுத முடியாதே. மழைநாள் தராசுக் குறிப்பை மொழிபெயர்த்து மேனேஜரிடம் காட்டினேன். "இந்தக் குறிப்பு போயிடுச்சின்னா சார், நாளைக்கு யாராவது அந்தக் கணக்க தப்புன்னு நெனச்சி எடுத்துடுவாங்க. மழைக்காலத்துல எல்லா எடையும் கோணலா வரும்" என்றேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பெங்களூருக்கு அவரே போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். வெளியே வந்து, "வரலாறோட எடுத்துக்கலாம் மா. ஆனா நாள் தள்ளக் கூடாது" என்றார்.

நாள் தள்ளத்தான் பார்த்தது. சில ரெப்போக்களில் என்றைக்கோ யாரோ லாரிகளின் போட்டோக்களையெல்லாம் நிரலோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். பிறகு எடுத்தும்விட்டார்கள். ஆனால் வரலாற்றில் அவை இருந்தன. இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்கமாட்டேன் என்று புதிய சேவை திருப்பி அனுப்பியது. போட்டோக்களை மட்டும் வரலாற்றிலிருந்து உருவி எடுக்க வேண்டும், குறிப்புகள் ஒன்றும் கலையக் கூடாது. மீனிலிருந்து முள்ளை எடுக்கிற மாதிரி வேலை. என் தோழி அதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு ரெப்போவாகச் செய்து முடித்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்புவாள்: 'ஒண்ணு போச்சி.' ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீளமாக வந்தது: 'என் கல்யாணத்துக்கு மொத நாளு ஒரு தப்ப சரி பண்ணிகீறேன்டி. தேதி கீது. மெய்யாலுமே பைத்தியம்தான் நான்.'

மூன்றாவது கூறு, நான்காவது கூறு என்று போனது. எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பில் கூறு மாறிய அன்று கணக்காளர் ஒருவர் ஒரு மணி நேரம் போனை வைக்கவே இல்லை. கேட் கூறுக்காக நானும் அண்ணனும் எண்ணூர் யார்டுக்கே போய், 'சோதனை பழையது இரண்டு' புதிய இடத்திலிருந்து சீட்டு அடிக்கும்வரை புழுதியில் நின்றோம். சீட்டு வந்தது. அண்ணன் அதைக் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொன்று அடிக்கச் சொன்னார். அதுவும் வந்தது. இன்னொன்றும் கேட்டார். கேட்டில் இருந்தவர், "இன்னா சார், கல்யாண பத்திரிகையா, ஊருக்கெல்லாம் குடுக்கப் போறியா?" என்றார்.

எடைமேடை மட்டும் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றுவது என்று குறித்தோம், அன்றைக்கு யார்டில் வண்டி குறைவு.

முந்தின நாள் சனிக்கிழமை காலை, அப்பா நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவர் இட்லியைப் பிட்டுவிட்டு வாயில் வைக்காமல் இருந்தார். என் அப்பா எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் நானும்தான். என் கணவருக்குக் கப்பலில் வேலை, அப்போது கடலில் இருந்தார்.

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்ல மா. இங்க ஒரு மாரி பாரமா கீது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுபவர். அவரே தூக்கி உட்காரவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இதயக் குழாயில் அடைப்பு, உடனே சரிசெய்ய வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மறுநாள் ஞாபகம் வந்தது.

தோழியைக் கூப்பிட்டேன். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதைச் சொன்னேன். அவள் பேச விடவில்லை.

"நீ அப்பாவ பாரு. நாளைக்கி எங்க கணக்கு."

"தள்ளி வெச்சிடலாம்னு சொல்லத்தான்..."

"எதுக்கு தள்ளணும்? அந்தப் பக்கத்துல எல்லாம் எய்தி வெச்சிகீறே இல்ல? நானும் அண்ணனும் கீறோம். போன கீய வெய்யி."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஒரு போனும் வரவில்லை. அப்பாவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்து, கண் விழித்து, தண்ணீர் கேட்டார். நான் ஒரு முறைகூட ஆபீஸ் மெயிலைத் திறக்கவில்லை. திறக்கத் தோன்றவும் இல்லை. அத்தனை வருட வேலையில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

திங்கட்கிழமை மதியம் இருவரும் வந்தார்கள். தோழி ரசம் சாதம் கொண்டுவந்திருந்தாள், எனக்கு. அண்ணன் பூசையில் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, கொஞ்சம் சங்கோஜத்தோடு ஆரஞ்சுப் பழப் பையை நீட்டினார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"கோவிச்சிக்காத மா. நேத்து மாத்தினோம், ஓடல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அந்த யார்டு கம்ப்யூட்டர்ல பழைய பாஸ்வேர்டு சாவி ஒண்ணு இருந்துகீது. புது எடத்துல அது செல்லல. கால் மணி நேரம் பாத்தோம். அப்பால உன் பக்கத்துல எய்திகிற வழியிலயே திரும்பி வந்துட்டோம். ஒரு வண்டியும் நிக்கல. இன்னிக்கி காலையில சாவிய மாத்திட்டு மறுபடி பண்ணோம். இப்ப புது எடத்துலதான் ஓடிக்கினு கீது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லி?" என்றாள் தோழி. "நீ இங்க இருந்துகினு இன்னா பண்ணப் போற? டாக்டர பாப்பியா, தராச பாப்பியா?"

எழுதுவதற்கு நான் சலித்துக்கொண்ட வழி அது. அந்த மனுஷர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எழுதவைத்தது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் எழுந்து அப்பாவைப் பார்க்கப் போய்விட்டார்.

உள்ளே அப்பா அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "என் பொண்ணு வேல கெட்டுப்போச்சா சார்?" என்றுதான்.

"இல்ல நைனா. அது பாட்டுக்கு ஓடுது."

"நல்லா பாத்தியா?"

அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். "நல்லா பாத்தேன்" என்றார். அவர் அப்படி யோசிக்காமல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அப்பா வீடு திரும்பினார். மெதுவாக நடக்கத் தொடங்கினார். நான் இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனபோது செய்வதற்கு எதுவும் பாக்கி இல்லை. ஸ்டோர் ரூம் சர்வரை இன்னும் ஒரு மாதம் படிக்க மட்டும் முடிகிற மாதிரி வைத்திருந்துவிட்டு அணைத்தார்கள். அன்று ஆபீசில் இருந்த சிலர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் மதிய சாப்பாட்டில் இருந்தேன், பார்க்கவில்லை.

வேலை முடிந்ததால் தோழியின் ஒப்பந்தமும் முடிந்தது. அது எனக்கு முன்பே தெரிந்ததுதான், ஆனாலும் அந்தக் கடைசி வாரம் பாரமாக இருந்தது. மேனேஜர் ஒரு நாள் அவளை நேரில் வரச் சொன்னார். கணக்கு முடிக்கத்தான் என்று அவளும் நானும் நினைத்தோம். உள்ளே போனவள் வெளியே வந்து என் மேசையில் சாய்ந்து நின்றாள்.

"நெரந்தரமா சேந்துக்கிறியான்னு கேக்குறாருடி."

"நீ இன்னா சொன்ன?"

"நாலு மணிக்கு நான் பொண்ண கூட்டினு வரணும், தெனமும் வர முடியாதுன்னேன்."

"அதுக்கு?"

"வாரத்துல ரெண்டு நாள் வா, மிச்சம் வூட்லேர்ந்து பாருன்றாரு. நாலு மணிக்கு மேல கூப்புட மாட்டோம்ன்றாரு." அவள் என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். "உன் வேலயாடி இது?"

"நான் ஒண்ணும் சொல்லல."

உண்மையிலேயே நான் சொல்லவில்லை. மேனேஜர் அதை எப்போது யோசித்தார், யாரிடம் பேசினார், எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் டீ சொல்வார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அவள் கொடுங்கையூரிலிருந்து பஸ் மாறி வருகிறாள். பழைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், அதனால் எனக்கு எதிரே ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது, சிரித்துவிடுகிறோம். போன வெள்ளிக்கிழமை அவள் ஒரு திருத்தம் செய்துவிட்டு, அதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று பெங்களூரிலிருந்து இப்போது விதி வந்திருக்கிறது. அவள் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு, 'இது நம்ம பாஷையில' என்று சொல்லிக்கொண்டே அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் ரெப்போவுக்கு அனுப்பிவிட்டாள்.